கிணற்று நீரும் மின்னோட்டமும்: ஓட்டத்தை அளந்த கருவிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மாரிகாலத்தில் சில வாரங்கள் ஓடி, அராலிப் பக்கமாகக் கடனீரேரியிற் கலந்துவிடும் வழுக்கையாற்றை ஆறு என்று அழைப்பது அதன்மேல் வைத்த அன்பினாலேயன்றி வேறில்லை. மலையுமில்லை, நிலத்தின் மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்திலிருந்து சில பத்து அடிகளுக்கு மேற்பட்டதன்று. ஆயினும் வலிகாமத்துச் செம்பாட்டு நிலத்திலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்திருக்கின்றன. இவற்றிற்கு வேண்டிய நீர் முழுவதும் நிலத்தின் கீழிருந்தே வருகின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையின் ஒரு பகுதி சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி அங்கே தங்குகின்றது. ஆண்டு முழுவதிலும் கிடைப்பது ஏறக்குறைய 50 அங்குல மழை. அதற்குமேல் வரவு கிடையாது. வரவு இவ்வளவென்று தெரிந்தால் மட்டும் போதுமா? செலவு எவ்வளவு என்பதும் தெரியவேண்டுமல்லவா? அந்தச் செலவை அளப்பது எப்படி என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விடயம்.

நிலையாக நிற்கும் பொருளை அளப்பது எளிது. நெல்லைக் கொத்தால் அளக்கலாம். சீலையை முழத்தால் அளக்கலாம். நிலத்தைப் பரப்பு என்றும் குழி என்றும் கணக்கிடலாம். ஓடிக்கொண்டிருப்பதை அளப்பது அவ்வளவு எளிதன்று. கணத்துக்குக் கணம் கடந்து செல்லும் ஒன்றை அளவு பாத்திரத்திற் பிடித்து நிறுத்தினால் அது ஓட்டமாகவே இராது. நீரோட்டத்துக்கு இருக்கும் இந்தத் தொல்லை மின்னோட்டத்துக்கு இருமடங்காக உண்டு. ஏனெனில் மின்னோட்டம் கண்ணுக்கும் தெரிவதில்லை.

துலாவினால் நீர் இறைத்த காலத்தில் இந்தத் தொல்லை தோன்றவில்லை. ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் கீழே நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, இன்னொருவர் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். பனையோலைப் பட்டையின் கொள்ளளவு தெரிந்தது. எத்தனை பட்டை இறைத்தார்கள் என்பதும் எண்ணக்கூடியது. தமிழகத்து ஏற்றப் பாட்டுகளிலே இறைத்த சாலின் எண்ணிக்கை பாட்டோடு பாட்டாகக் கோக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவர். களைப்பை மறக்கப் பாடினார்கள் என்று மட்டும் சொல்வது அந்தப் பாட்டுகளைக் குறைத்து மதிப்பதாகும். ஏற்றப்பாட்டு ஒரு நீர்மானியும் கூட.

குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். காணி உறுதிகளிலே நிலத்தோடு சேர்த்துக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுவது வழக்கம். பங்கு நாளாலும் நேரத்தாலும் பிரிக்கப்படும்; இன்னாருக்கு இன்ன முறை என்பதே கணக்கு. நீரைப் பங்கிட நேரத்தை அளவுகோலாகக் கொண்டது புத்தியான ஏற்பாடே. துலா மிதிப்பவரின் வலிமை ஆளுக்கு ஆள் சிறிது வேறுபட்டாலும், ஒரு மணி நேர இறைப்பில் வரும் நீர் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆனால் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் கிணற்றடிக்கு வந்து சேர்ந்ததும், பின்னர் மின்னியந்திரம் வந்ததும், இந்த ஏற்பாட்டின் அடிப்படையே ஆட்டங்கண்டது. ஒரு பங்காளியின் இயந்திரம் சிறிது, மற்றவருடையது பெரிது. இருவரும் இரண்டிரண்டு மணி நேரம் இறைக்கின்றார்கள். நேரம் சமம், நீர் சமமன்று. உறுதியில் எழுதிய பங்கு எழுத்தளவிலே மாத்திரம் நிற்கின்றது.

ஏறக்குறைய இதே வழக்குத்தான் அமெரிக்காவின் ஹொலியோக் நகரிலும் எழுந்தது. அங்கே ஒரு நீர்வலுக் கம்பனி ஆற்றைத் தடுத்துக் கால்வாய்களில் விட்டு, ஆலைகளுக்கு நீரை விற்றுவந்தது. எந்த ஆலை எவ்வளவு நீரைக் கொண்டது என்று தெரியாமல் விலை கூறுவது எங்ஙனம்? கம்பனியின் பொறியியலாளராயிருந்த கிளெமென்ஸ் ஹெர்ஷெல் 1887 ஆம் ஆண்டில் ஒரு கருவியைச் செய்தார். குழாயின் நடுப்பகுதியைச் சிறிது தூரம் ஒடுக்கிவிட்டால் அவ்விடத்தில் நீர் விரைந்து ஓடும். விரைந்து ஓடும் இடத்தில் அமுக்கம் குறையும். அகன்ற இடத்து அமுக்கத்துக்கும் ஒடுங்கிய இடத்து அமுக்கத்துக்கும் உள்ள வேற்றுமையை அளந்தால் நீரோட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். இந்த உண்மையைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் 1797 இல் எழுதிவைத்த வெந்தூரி என்ற இத்தாலியரின் பெயரையே ஹெர்ஷெல் தம் கருவிக்குச் சூட்டினார். தாம் செய்ததற்குப் பிறர் பெயரை வைக்கும் இத்தகைய பெருந்தன்மை கருவிகளின் வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

ஓடும் நீரின் அளவு அதன் வேகத்தையும் குறுக்குப் பரப்பையும் பெருக்கி வருவது என்பதை 1628 இல் கலிலியோவின் மாணாக்கரான கஸ்தெல்லி தெளிவாக எழுதினார். வேகத்தை அளக்கும் வழியை 1732 இல் பிரெஞ்சுக்காரரான பிற்றோ கண்டார்: வளைந்த கண்ணாடிக் குழாயின் வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்தால் நீர் குழாயினுள்ளே எழுகின்றது, எழும் உயரம் வேகத்தைச் சொல்கின்றது. ஆற்றின் அடியிலேதான் வேகம் மிகுதி என்று அதுவரை கற்றோர் பலர் நம்பியிருந்தனர். அப்படியன்று என்பதை அந்தச் சிறு குழாய் செயின் நதியிலே காட்டிவிட்டது.

ஆனால் வெந்தூரிமானியோ பிற்றோக் குழாயோ யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கைகொடுப்பது அரிது. அவருக்கு உதவக்கூடியது வேறொன்று, மிக எளியது. அதைச் செய்தவர் ஜேம்ஸ் தொம்சன். பெல்பாஸ்ற் நகரிற் பிறந்து அங்கேயே பொறியியற் பேராசிரியராய் இருந்த அவர், தகட்டில் வெட்டிய முக்கோண வெட்டுவாய் ஒன்றினூடாக நீரை வழியவிட்டுப் பல பரிசோதனைகள் செய்து 1861 இல் முடிவை வெளியிட்டார். வெட்டுவாயின் இரு பக்கங்களும் செங்கோணமாகச் சந்திக்கவேண்டும். ஓரங்கள் கூர்மையாக இருக்கவேண்டும். வாய்க்காலின் குறுக்கே தகட்டை நாட்டி, சிறிது பின்னே நீர் அமைதியாய் நிற்கும் இடத்தில், வெட்டுவாயின் கூருக்கு மேலே நீர்மட்டம் எத்தனை அங்குலம் நிற்கின்றது என்று ஒரு கோலாற் பார்த்தால் போதும். 2 அங்குலம் நின்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11 கலன் ஓடுகின்றது. 4 அங்குலம் நின்றால் 61 கலன். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகுகின்றது என்பதைக் கவனிக்கவேண்டும். கண்மட்டத்தில் நீரோட்டத்தை மதிப்பிடுகின்றவர்கள் தவறிப்போவது இதனாலேயே. ஒரு சதுரத் தகரமும் ஓர் அடிக்கோலும் இருந்தால் பங்காளிகள் இருவரின் வழக்கும் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

இந்த ஜேம்ஸ் தொம்சனுக்கு இரண்டு வயது இளைய தம்பி ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என உலகம் அறிந்தவர். தமையனார் நீரோட்டத்தை அளந்துகொண்டிருந்த காலத்திலேயே தம்பியார் மின்னோட்டத்தை அளக்க முனைந்திருந்தார். அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் அடியில் 1858 இல் போடப்பட்ட தந்திக் கம்பியின் மறுமுனைக்கு வந்து சேரும் மின்னோட்டம் மிக மிக நுண்ணியது. சாதாரணக் கருவியின் முள்ளை அசைக்கும் வலுவும் அதற்கில்லை. வில்லியம் தொம்சன் ஒரு சிறு கண்ணாடித் துண்டின் முதுகிலே நுண்ணிய காந்தங்களை ஒட்டி, அதனைப் பட்டு நூலிலே தொங்கவிட்டு, சுற்றிலும் கம்பிச் சுருளை வைத்தார். சுருளில் மின் ஓடினால் காந்தம் சற்றே திரும்பும். விளக்கொளி கண்ணாடியிற் பட்டுத் தெறித்து, தூரத்திலுள்ள அளவுகோலின்மேல் ஒளிப்பொட்டாக நகரும். பாரமற்ற ஒளியே அங்கு முள்ளாயிற்று. ஓடும் மின் பக்கத்திலுள்ள காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820 இல் டென்மார்க்கு நாட்டு ஊர்ஸ்டெட் கண்டதே இத்தனைக்கும் மூலம். ஒரே வீட்டிற் பிறந்த இருவர், ஒருவர் நீரையும் ஒருவர் மின்னையும் அளந்தனர் என்பது தற்செயல்தான். ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க தற்செயல்.

மின்சாரத்தை விலைக்கு விற்கத் தொடங்கியபோது ஹொலியோக்கின் வழக்கு மறுபடியும் எழுந்தது. 1882 இல் நியூயோர்க்கிலே மின்நிலையம் திறந்த எடிசன், வீடு தோறும் ஒரு கண்ணாடிச் சாடியை வைத்தார். அதனுள்ளே துத்தநாகத் தகடுகள் ஒரு கரைசலில் நின்றன. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தின் ஒரு சிறு பங்கு அதனூடாகப் போகும்போது ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதிற் படியும். மாதத்துக்கு ஒருமுறை தகட்டை எடுத்து நிறுத்துப் பார்த்து விலை போடுவார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறையாமலிருக்க உள்ளே ஒரு சிறு விளக்கும் தானாகவே எரியும். கணக்கு என்னவோ சரியானதுதான். ஆனால் பணம் கொடுப்பவர் தம் கணக்கைத் தாமே பார்த்தறிய வழியில்லை. அளப்பவர் ஒருவர், அளவை நம்பவேண்டியவர் இன்னொருவர் என்ற நிலையில் எந்த அளவுகருவியும் நெடுங்காலம் நிலைப்பதில்லை.

ஏயர்ற்றனும் பெரியும் சேர்ந்து 1880களில் அம்பியர்மானியைக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவியாக ஆக்கினார்கள். ஏயர்ற்றன் இளமையிலே இந்தியத் தந்திச் சேவையில் வேலை பார்த்தவர். கம்பியில் எங்கே பழுது என்று அளவைகளைக்கொண்டே கண்டறியும் பயிற்சி அவருக்கு இந்தியாவிற் கிடைத்தது. அம்பியர்மானி இந்தக் கணத்து ஓட்டத்தைக் காட்டும். ஒரு மாதம் முழுவதும் எவ்வளவு வலு செலவாயிற்று என்பதைக் காட்ட வேறு கருவி வேண்டும். அதற்கான வழி ரியூறின் நகரத்துப் பேராசிரியர் பெராரிஸ் 1885 இல் கண்ட சுழல் காந்தப் புலத்திலிருந்து பிறந்தது. 1889 இல் புடாபெஸ்ற்றில் பிளாதி செய்த மின்மானி 23 கிலோகிராம் பாரமுடையதாய் மரப் பலகையொன்றில் ஏற்றப்பட்டிருந்தது. பின் வந்தவை சிறுத்துப் போயினவேயன்றி உள்ளிருக்கும் தத்துவம் மாறவில்லை.

அத்தத்துவம் அழகானது, சிறிது நின்று பார்க்கத்தக்கது. ஓர் அலுமினியத் தட்டு. அதன் மேலும் கீழும் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று மின்னழுத்தத்தை உணர்வது, மற்றது மின்னோட்டத்தை உணர்வது. இரண்டும் சேர்ந்து தட்டைச் சுழற்றுகின்றன. சுழற்றும் விசை மின்வலுவுக்கு ஏற்பப் பெருகும். தட்டை இப்படியே விட்டால் வேகம் மேலும் மேலும் ஏறிக்கொண்டே போகும். ஆதலால் இன்னொரு பக்கத்தில் நிலையான காந்தம் ஒன்று தட்டைக் கவ்வினாற்போல நிற்கின்றது. தட்டு எவ்வளவு விரைந்து சுழல்கின்றதோ அவ்வளவு பலமாக அக்காந்தம் அதைத் தடுக்கும். சுழற்றும் விசையும் தடுக்கும் விசையும் சமமாகும்போது, தட்டின் வேகம் மின்வலுவுக்கு நேர் அளவாக நின்றுவிடுகின்றது. பிறகு சுற்றுகளை எண்ணுவதே மிச்சம். அதைப் பற்சில்லுகள் செய்யும். பட்டையை எண்ணிய ஏற்றப்பாட்டின் வேலையைத்தான் இந்தத் தட்டும் செய்கின்றது. அண்மைக் காலத்து மின்னணு மானிகளில் தட்டு இல்லை. சிறு விளக்கொன்று மின்னி மின்னி எண்ணிக்கை காட்டும்.

இப்பொழுது கிணற்றடிக்குத் திரும்பலாம். ஒரு தோட்டத்து மின்மானியின் முகத்தில், ஓர் அலகுக்கு 600 சுற்று என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோர், இயந்திரம் ஓடும்போது தட்டு நிமிடத்துக்கு 10 முறை சுழல்வதைக் கண்டால், இயந்திரம் சரியாக ஒரு கிலோவாற்று வலுவை உண்கின்றது என்று அறியலாம். அதேவேளை வாய்க்காலில் நாட்டிய தொம்சனின் தகட்டில் நீர் 4 அங்குலம் நிற்கின்றது. அதாவது நிமிடத்துக்கு 61 கலன். ஒரு கலன் நீர் 10 இறாத்தல். கிணற்று நீர்மட்டத்திலிருந்து வாய்க்கால்வரை 20 அடி உயரமானால், இயந்திரம் நிமிடத்துக்கு 12,200 அடி-இறாத்தல் வேலை செய்கின்றது. ஒரு கிலோவாற்று வலுவோ நிமிடத்துக்கு 44,250 அடி-இறாத்தல் வேலை செய்ய வல்லது. கொடுத்த வலுவில் கால் பங்குக்குச் சற்று மேற்பட்டதே நீராக மேலே வந்திருக்கின்றது! மீதி எங்கே போயிற்று? மோட்டாரின் சூட்டிலும், ஒடுங்கிய குழாயின் உராய்விலும், காற்று ஒழுகும் பொருத்திலும், கழிவு அடைத்த அடிவால்விலும் போயிருக்கும். நீர்மானி மட்டும் இருந்தாலோ மின்மானி மட்டும் இருந்தாலோ இந்த நட்டம் வெளிப்படாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் பழுதான வால்வு பிடிபடுகின்றது. 16 பரப்பு கொண்ட ஓர் ஏக்கரில் ஓர் அங்குல ஆழத்துக்கு நீர் பாய்ச்ச ஏறக்குறைய 22,600 கலன் வேண்டும். மேற்சொன்ன இயந்திரத்துக்கு அது 6 மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வேலை. அதற்கான மின்கட்டணம் எவ்வளவு என்பதைத் தோட்டக்காரரே விரலில் எண்ணிவிடுவார்.

பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. குடாநாட்டின் நன்னீர் பாறையின்மேல் தங்கியிருக்கவில்லை. கடலிலிருந்து சுண்ணாம்புக்கல்லினுள் ஊடுருவியிருக்கும் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. உவர்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரமானது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கும். ஒல்லாந்தரான கைபன் 1880களின் இறுதியிலும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901 இலும் தனித்தனியே கண்ட உண்மை இது. கேட்பதற்கு இனிமையான கணக்கு. திருப்பிப் போட்டால் அச்சந் தருவது. அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை நிலையாக ஓர் அடி தாழ்த்திவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழக் கூடும். துலாக் காலத்தில் இந்த ஆபத்துக் குறைவு. துலா மிதிப்பவர் களைத்துப் போவார்; கிணறு இளைப்பாறும். மோட்டாருக்குக் களைப்பென்பது கிடையாது.

புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு இந்த உண்மையைக் கண்முன்னே காட்டுவது. இராமபிரான் அம்பினால் உண்டாக்கியதென்றும், அடியே இல்லாததென்றும், அதில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்ததென்றும் ஊர்வழக்குச் சொல்லும். எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும் அதன் அதிசயத்தை எழுதியிருக்கின்றார். அளந்து பார்த்தவர்கள் அதற்கு அடி உண்டென்று கண்டார்கள். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதையும் கண்டார்கள். எலுமிச்சம்பழக் கதையை மூடநம்பிக்கையென்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நிலத்தடியில் நீர் எங்கே போகின்றது என்பதை அறிய, ஓரிடத்தில் ஒன்றை இட்டு வேறோரிடத்தில் அது வருகின்றதா என்று பார்ப்பதைவிடச் சிறந்த வழி இன்றைக்கும் இல்லை. பழத்துக்குப் பதில் சாயத்தையோ உப்பையோ இடுகின்றார்கள், அவ்வளவே.

உப்பு இடும் முறையிலேதான் நீரும் மின்னும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. உப்புக் கலந்த நீர் மின்னை எளிதிற் கடத்தும். 1923 இல் அமெரிக்கரான அலன் குழாயொன்றிலே திடீரென உப்புக் கரைசலைச் செலுத்தி, கீழ்ப்புறத்தில் வைத்த தகடுகளினிடையே மின்னோட்டம் எப்பொழுது ஏறுகின்றது என்று பார்த்து நீரின் வேகத்தைக் கணக்கிட்டார். அவருக்கு வெகுகாலம் முன்பே, 1832 தை மாதத்தில், மைக்கேல் பரடே இலண்டன் வாட்டர்லூப் பாலத்திலிருந்து தேம்ஸ் நதியினுள் இரண்டு தகடுகளை இறக்கினார். பூமியின் காந்தப் புலத்தில் ஓடும் நதியே ஒரு மின்பிறப்பாக்கி ஆகவேண்டும் என்பது அவர் எண்ணம். கருவியின் முள் அசைந்ததேயன்றி, அந்த அசைவு தகடுகளில் நிகழ்ந்த இரசாயன மாற்றத்தினால் வந்ததா, நதியின் ஓட்டத்தினால் வந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. எண்ணம் சரி; கருவி போதவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே எண்ணத்திலிருந்து மின்காந்த நீரோட்டமானி பிறந்தது. உள்ளே சுழலும் பகுதி எதுவுமில்லாமல் குழாய் நீரை அளக்கும் அந்தக் கருவி இன்று உலகெங்கும் நகர நீர்விநியோகத்திற் பயன்படுகின்றது.

பரடேயைத் தடுத்த இரசாயனத் தொல்லையை 1870களில் கோல்ரவுஷ் என்ற ஜெர்மானியர் தீர்த்தார். ஒரே திசையில் ஓடும் மின்னுக்குப் பதிலாகத் திசை மாறி மாறி ஓடும் மின்னைச் செலுத்தினால் தகடுகளில் மாற்றம் சேர்வதில்லை. நீரின் கடத்துதிறனை நம்பிக்கையோடு அளக்கும் வழி அதனாற் பிறந்தது. கடல்நீரின் கடத்துதிறன் ஏறத்தாழ 50,000 அலகு. நல்ல கிணற்றுநீருடையது சில நூறு அலகே. இடைப்பட்ட ஒவ்வோர் எண்ணும் கடல் எவ்வளவு தூரம் கிணற்றினுள் வந்துவிட்டது என்பதைச் சொல்லும்.

குடாநாட்டுக்கு ஓர் ஆற்றை உண்டாக்கும் எண்ணமும் இல்லாமற் போகவில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த திட்டம், வன்னியிலிருந்து கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி, அங்கிருந்து வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவந்து, உவரை நன்னீராக்குவது. தொண்டைமானாற்றில் கதவணை எழுந்தது. ஆயினும் திட்டம் முழுமை பெறவில்லை. 1990 இலிருந்து போர்க்காலத்தில் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாமலும் இருந்தது. அமைதி திரும்பியபின் மோட்டார்களும் திரும்பிவிட்டன. கிணறுகளின் எண்ணிக்கையோ குறையவில்லை.

கடத்துதிறன்மானி இன்று சட்டைப் பையில் அடங்குவது. இறைப்புத் தொடங்குமுன் ஒருமுறையும், முடித்தவுடன் ஒருமுறையும் அதைக் கிணற்று நீரில் அமிழ்த்தி இரண்டு எண்களையும் சுவரில் எழுதிவைக்கலாம். இரண்டும் ஒன்றாயிருந்தால் அன்றைய இறைப்பைக் கிணறு தாங்கிக்கொண்டது என்று பொருள். மாலை எண் காலை எண்ணைவிட நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போனால், பங்குக் கிணறானால் எல்லாப் பங்காளிகளும், இறைக்கும் நேரத்தைக் குறைத்து, இடையிடையே கிணற்றை ஆறவிட்டு, எண் மீண்டும் இறங்குகின்றதா என்று பார்க்கவேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை, மழை வருமுன்னர், இந்தக் கணக்கை எழுதிவைப்பது மிக அவசியம்.